பேசாதவளும் பேசவிடாத கதையும்

முதல் நூலிலேயே உலகப் புகழ் பெறும் பேறு எல்லா எழுத்தாளருக்கும் வாய்ப்பதில்லை. சைப்ரஸ் தீவில் பிறந்து இங்கிலாந்தில் பயின்ற அலெக்ஸ் மிக்கெலிடிஸ் என்பவருக்கு 2019-இல் அது வாய்த்தது. அவருடைய 'தி சைலன்ட் பேஷண்ட்' (பேசாத நோயாளி) பல நாடுகளில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்ற உளவியல் மர்ம நாவல். உளவழி ஆற்றுப்படுத்துதலைக் கற்றவர், மனநல மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்தவர் என்ற அறிமுகமும் சேர்ந்துகொள்ள, நாம் மிகுந்த எதிர்பார்ப்போடுதான் நூலைக் கையிலெடுத்தோம்.

தொடக்கம் நம்மை ஏமாற்றவில்லை. அலிசியா என்னும் ஓவியர் தன் கணவன் கேப்ரியேலின் முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் உலகிற்கு விட்டுச் சென்ற ஒரே விடை, தன்னைத்தானே தீட்டிய ஓர் ஓவியம். அதன் பெயர் 'அல்செஸ்டிஸ்'. ஆறாண்டுகளுக்குப் பின், வடக்கு லண்டனில் அவள் அடைக்கப்பட்டிருக்கும் காப்பு மருத்துவமனைக்குத் தியோ ஃபேபர் என்னும் உளச் சிகிச்சையாளர் தாமே விரும்பி வந்து சேர்கிறார். அவளைப் பேசவைப்பதே அவர் நோக்கம்.

அந்த ஓவியத்தின் பெயரில் சற்றே தங்குவோம். கி.மு. 438-இல் அரங்கேறிய யூரிப்பிடிசின் நாடகத்தில், அரசன் அட்மீட்டசுக்குச் சாவு நெருங்குகிறது. அவனுக்கு மாற்றாக வேறொருவர் உயிர் தந்தால் அவன் பிழைப்பான். முதிர்ந்த பெற்றோர் மறுத்துவிடுகின்றனர். மனைவி அல்செஸ்டிஸ் இசைகிறாள். அவனும் அதை ஏற்றுக்கொள்கிறான்! பின்னர் ஹெரக்ளிஸ் அவளைச் சாவின் பிடியிலிருந்து மீட்டு வந்து நிறுத்தும்போது அவள் வாய் திறப்பதேயில்லை. மூன்றாம் நாள்வரை பேசலாகாது என்று சடங்கு சார்ந்த காரணம் ஒன்று சொல்லப்படுகிறது. ஆயினும் தன்னைச் சாகவிட்ட கணவனிடம் அவள் எதைத்தான் பேசுவாள் என்ற கேள்வி இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக ஆறவில்லை. இந்த மௌனத்தை இன்றைய இல்லமொன்றில் வைத்துப் பார்க்கப்போகிறார் ஆசிரியர் என்றே நாம் நம்பினோம்.

நடந்தது வேறு. சிகிச்சையாளர் துப்பறிவாளர் ஆகிவிடுகிறார். அலிசியாவின் மைத்துனர், அத்தை, அண்டை வீட்டார், ஓவியக்கூட உரிமையாளர் எனக் கதவு கதவாகத் தட்டுகிறார். ஒவ்வொருவரும் நம் ஐயத்திற்கு இரையாவதற்கென்றே படைக்கப்பட்டவர். பணி முடிந்ததும் மறைந்துவிடுகின்றனர். அலிசியாவின் நாட்குறிப்போ பக்கம் பக்கமாக உரையாடல்களை மேற்கோள் குறியோடு ஒப்பிக்கிறது. மனம் உடைந்த ஒருத்தி தனக்கென எழுதும் குறிப்பு இப்படியா இருக்கும்? ஆசிரியர் திரைக்கதை எழுதிப் பழகியவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

முடிவைத் தொடாமல் இந்நூலின் குறையைக் கூற இயலாது. வாசிக்க எண்ணியிருப்போர் அடுத்த பத்தியைக் கடந்து செல்லலாம்.

தியோவின் மனைவி கேத்தி பிறனோடு உறவு கொண்டிருப்பது சிகிச்சைக் காலத்திலேயே நடப்பதுபோலச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது ஆறாண்டுகளுக்கு முந்தியது. அந்தப் பிறன் கேப்ரியேல். தியோவே முகமூடியோடு அவ்வீட்டில் நுழைந்து இருவரையும் கட்டி வைத்து, யார் சாகவேண்டும் என்று கேப்ரியேலைக் கேட்டவன். கேப்ரியேல் தன் உயிரைத் தேர்ந்துகொள்கிறான். சிறுமியாயிருந்தபோது, தாய்க்குப் பதில் இவள் இறந்திருக்கலாகாதா என்று தந்தை புலம்பியதைக் கேட்டவள் அலிசியா. இப்போது அதே தீர்ப்பை இரண்டாம் முறை கேட்கிறாள். அல்செஸ்டிஸின் கதை உயிர் பெறும் இடம் இதுவே. கேளாமலேயே பலியிடப்பட்ட ஒருத்தியின் உள்ளம் இங்கே நமக்குத் திறக்கவேண்டும். ஆனால் ஆசிரியருக்கு நேரமில்லை! காலக்கணக்கில் நம்மை ஏய்த்த தந்திரம் வெளிப்பட்டதும் அவர் நிறைவடைந்துவிடுகிறார். நூலின் மிக ஆழமான செய்தி சில பக்கங்களில் முடிந்துபோக, அலிசியா மருந்தூசியால் நினைவிழந்து மீண்டும் மௌனத்தில் தள்ளப்படுகிறாள்.

கதை சொல்பவனே மறைத்துச் சொல்வது புதிய உத்தியன்று. 1926-இல் அகதா கிறிஸ்டி அதை 'ரோஜர் அக்ராய்ட் கொலை'யில் கையாண்டு புகழோடு வசையும் பெற்றார். ஆயினும் அவர் தந்தது ஒரு புதிர்; புதிர் என்றே தந்தார். மிக்கெலிடிஸ் ஒரு மனித உள்ளத்தைக் காட்டுவதாக வாக்களித்துவிட்டுப் புதிரைக் கையில் தருகிறார். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் கொலைகாரன் யாரென்று நாம் தொடக்கத்திலேயே அறிவோம். இருந்தும் நூலைக் கீழே வைக்க முடிவதில்லை. இந்நூலையும் நாம் கீழே வைக்கவில்லைதான். ஆனால் இரண்டாம் முறை எடுத்தபோது, ஆசிரியர் எங்கெங்கே தடயத்தை ஒளித்தார் என்று தேடினோமேயன்றி, அலிசியாவைத் தேடவில்லை.

நடை தெளிவானது, அத்தியாயங்கள் சிறியவை, இரயில் பயணத்திற்கு ஏற்ற நூல். 2021-இல் வெளிவந்த இவருடைய 'தி மெய்டன்ஸ்' நாவலிலும் கிரேக்கத் துன்பியலே பின்புலம். தியோ ஃபேபர் அதிலும் தலைகாட்டுகிறார். அதையும் நாம் வாங்கி வைத்திருக்கிறோம். அதற்குமுன் யூரிப்பிடிசை ஒருமுறை வாசித்துவிட எண்ணம்.