பார்க்க வேண்டிய பத்து இடங்களும் பத்தோடு சேராத ஊரும்

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி வரும் சுற்றுலாக் கட்டுரைகளில் பத்தை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். பத்தும் ஒரே கட்டுரைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், பதினோரு நிலை, தமிழக அரசு முத்திரை. பால்கோவா. செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணில். ராஜபாளையம் அய்யனார் அருவி. இருக்கன்குடி மாரியம்மன். திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு, விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீடு. எண்ணெய் பரோட்டா, சாத்தூர் சேவு. இப்போது கொஞ்ச வருஷமாக வெம்பக்கோட்டை அகழாய்வும் சேர்ந்திருக்கிறது. கடைசிக்கு முந்தின பத்தியில் சிவகாசி வரும்: குட்டி ஜப்பான், நேரு சொன்னது, நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்து. தீபாவளிக்கு முன்னால் போனால் எண்பது சதவீதத் தள்ளுபடியில் வாங்கி வரலாம். அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் எதுவும் பொய் இல்லை. பால்கோவாவைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் சண்டை அந்த அச்சோடு. அது நம்மூரில் வார்த்ததும் அல்ல. பொலிவியாவைப் பற்றிய எந்தப் பயணக் குறிப்பையும் எடுங்கள். பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த உயுனி உப்புவெளி, டிட்டிகாகா ஏரி, லா பாஸ் நகரத்துக்கு மேலே ஓடும் கேபிள் கார், ஒருபக்கம் ஆண்டீஸ் பனிமலை, மறுபக்கம் அமேசான் காடு. 'ஒரே நாட்டில் இத்தனை வகை' என்பதுதான் விற்பனை வாசகம். நம் கட்டுரைகளில் அது 'மலையும் கரிசலும் ஒரே மாவட்டத்தில்' என்று வருகிறது. இந்த எழுத்தில் பன்மை என்றால் நிலப்பரப்பின் பன்மை மட்டும்தான். அங்கே யார் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்பது கணக்கில் வராது.

ஆனால் பொலிவியப் பட்டியலில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பொட்டோசி. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1545இல் அங்கே வெள்ளி கிடைத்தது. ஸ்பெயினின் கஜானா நிறைந்தது, சுரங்கத்தில் இறங்கின பழங்குடிகளும் அடிமைகளும் கணக்கில்லாமல் செத்தார்கள். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செர்ரோ ரிகோ என்கிற அந்த மலையை இன்றும் குடைந்துகொண்டிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். போகும் வழியில் சுரங்கத் தொழிலாளர்களின் கடைத்தெருவில் நிறுத்தி, பரிசாகக் கொடுக்கக் கோக்கா இலையும் குளிர்பானமும் டைனமைட் குச்சியும் வாங்குகிறார்கள். ஆமாம், டைனமைட். அங்கே ஆபத்தான வேலையும் ஒரு 'பார்க்க வேண்டிய இடம்'.

சிவகாசியில் அப்படி இல்லையே, நாம் எவ்வளவோ நாகரிகம் என்று தோன்றலாம். நாகரிகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெடிபொருள் சட்டம் கேட்டைச் சாத்தி வைத்திருக்கிறது. சாத்தித்தான் வைக்க வேண்டும். நான் கேட்பது வேறு: கேட்டுக்கு வெளியே, ரோட்டிலிருந்தே தெரிவதைக்கூட ஏன் யாரும் எழுதவில்லை?

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். வேலிக்குள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வெறும் நிலம். அந்த இடைவெளி சட்டம் வகுத்தது. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்கிற கணக்கு. ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்பதும் அதே கணக்கு. சாஃப்ட்வேரில் நாங்களும் இதைச் செய்வோம், ஒரு சர்வர் விழுந்தால் மற்றது விழக்கூடாது என்று பிரித்து வைப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால் திரும்ப எழுப்பிவிடலாம், அதுதான் வித்தியாசம்.

ஊர்க்காரர்களின் பேச்சில் 'நாக்பூர் லைசென்ஸ்', 'டிஆர்ஓ லைசென்ஸ்' என்று இரண்டு சொல் சாதாரணமாக அடிபடும். பெரிய ஆலைக்கு நாக்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய வெடிபொருள் துறை உரிமம் தருகிறது, சிறியதுக்கு மாவட்ட வருவாய் அலுவலர். மூன்றாவதாக ஒரு சொல் உண்டு: உள்குத்தகை. உரிமம் ஒருவர் பேரில் இருக்க, அறைகளைப் பிரித்து வேறு ஆட்களுக்கு விடுவது. சட்டப்படி கூடாது. விபத்துச் செய்திகளில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மூன்று சொல்லையும் தெரிந்துகொண்டு வருகிற பயணிக்கு, கோபுரத்தின் நிலைகளை எண்ணி வருகிறவரைவிட மாவட்டம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிபடும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆலை வெடித்ததில் நாற்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடினவர்கள், என்ன என்று பார்க்கப் போனவர்கள். 'பார்ப்பது' என்கிற சொல்லைச் சுற்றுலாக் கட்டுரைகள் எவ்வளவு லேசாகப் புழங்குகின்றன என்று யோசிக்க எனக்கு இந்த ஒரு தகவல் போதும்.

தமிழில் பயண எழுத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றினார். எங்கே போனாலும் அலங்காரமில்லாத சின்ன வாக்கியத்தில் மனிதர்களின் நடைமுறையை எழுதினார். சோமலெ மாவட்டம் மாவட்டமாகத் தொழிலையும் விளைச்சலையும் குறித்து வைத்தார். கொஞ்சம் கெஜட்டியர் வாசனை அடிக்கும், ஆனால் தகவல் இருக்கும். மல்லாங்கிணற்றுக்காரரான எஸ். ராமகிருஷ்ணனின் 'தேசாந்திரி' அழகான எழுத்து. ஆனால் அதன் பயணி தேடிப் போவது பெரும்பாலும் தனிமையையும் வரலாற்றின் மிச்சங்களையும். ஷிஃப்ட் முடிந்து வேனுக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு அந்த மௌனத்தில் இடம் கம்மி. அதனால் இந்த வட்டாரத்தைத் தெரிந்துகொள்ள நாம் நாவலுக்கும் படத்துக்கும்தான் போக வேண்டியிருக்கிறது. 1899 சிவகாசிக் கலவரம் பூமணியின் 'அஞ்ஞாடி'யில் இருக்கிறது. தீப்பெட்டி வேலைக்குப் போன பிள்ளைகள் 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் இருக்கிறார்கள். கட்டுரையாளர்கள் 'குட்டி ஜப்பா'னை மட்டும் எடுத்துக்கொண்டு குழந்தைகளை விட்டுவிட்டார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் நாமும் பொட்டோசிக்காரர்கள் மாதிரி அடுத்தவர் கஷ்டத்துக்கு டிக்கெட் போட்டதாகிவிடாதா? ஆகலாம், பரிதாபத்தை மட்டும் எழுதினால். ஆனால் சிவகாசி பரிதாபத்துக்கு அடங்குகிற ஊர் இல்லை. மழை பொய்க்கும் பூமி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழையில்லாத வெயிலே மூலதனமானது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது தொழிலைக் காப்பாற்றச் சொல்லிப் போராடியவர்களில் அந்த அறைகளுக்குள் உட்கார்ந்து திரி செருகுகிறவர்களும் இருந்தார்கள். பயமும் பிழைப்பும் ஒரே வீட்டில் குடியிருக்கிற இந்த நிலையை எழுத, பட்டியலைவிட நீளமான வாக்கியம் வேண்டும்.

அச்சகங்களையாவது எழுதலாமே, அங்கே யாரும் கேட்டைச் சாத்தப் போவதில்லை. ஆடிப்பெருக்கன்று சிவகாசிக்குப் போனால் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுக்கொண்டிருப்பார்கள். முருகன், லட்சுமி, மாதா, மெக்கா, தலைவர்கள், பூங்கொத்துக் குழந்தை என்று இன்னும் ஐந்து மாதம் கழித்துப் பிறக்கப்போகிற வருஷம் மேஜைமேல் விரிந்து கிடக்கும். அதே நாளில், அதே ஊரைச் சுற்றி, இந்தத் தீபாவளிக்கான சரக்கு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.