அவையும் அரங்கும்

பலர் ஓரிடத்துக் கூடி ஒரு பொருளைப் பேசி ஆராயும் நிலையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் மிகப் பல. அவை, மன்றம், பொதியில், கோட்டி, குழு, ஆயம், கழகம், சங்கம், குறி, சபை என இலக்கியத்தும் கல்வெட்டினும் காணப்படுவன ஒருசார். மாநாடு, கருத்தரங்கு, ஆய்வரங்கு, பயிலரங்கு, பட்டிமன்றம் எனப் பிற்கால வழக்கில் மிக்கன மற்றொருசார். இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொண்டு, அழைப்பிதழின் பொலிவு ஒன்றே கருதி எடுத்தாளும் போக்கு இன்று பெருகியுள்ளது. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது. இச்சொற்கள் பேசுவார்க்கும் கேட்பார்க்கும் உள்ள உறவினை வேறுவேறு வகையான் வரையறுப்பன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அவை என்பதனைச் சபா என்னும் வடசொல்லின் திரிபென்பாரும் தனித்தமிழ்ச் சொல்லே என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டற்பாலதன்று. அச்சொல் எதனைச் சுட்டிற்று என்பதே நமக்கு வேண்டுவது. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையுள் எண்வகைப்பட்ட அவையத்தைக் கூறும். குடிப்பிறப்பு, கல்வி, ஒழுக்கம், வாய்மை, தூய்மை, நடுவுநிலைமை, அழுக்காறாமை, அவாவின்மை என்பன அவ்வெட்டு என உரைகாரர் விரிப்பர். இவை எட்டும் அமர்ந்து கேட்பாரிடத்து இருக்கவேண்டிய தகுதிகள் என்பது கருதத்தக்கது. பாயிரமும் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தே அதங்கோட்டாசான் முன்னர் நூல் அரங்கேறியதாகக் கூறுகின்றது. நூல் செய்தானுக்கு அங்குள்ள நிலை வினவப்படுவானது நிலையே. சொல்லதிகாரத்துள் 'அவையல் கிளவி' என ஒரு தொடர் உண்டு. சான்றோர் முன் சொல்லத்தகாத சொல்லுக்கு அது பெயர். ஒரு சொல்லின் தகுதியை அளக்கும் கோலாகவே அவை அங்கு நிற்கின்றது. இவ்வாறு சொல்லின் தகுதியையே அளந்து நின்ற சொல்லைக் கூட்டம் என்னும் பொதுச்சொல்லோடு ஒப்ப வழங்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

திருவள்ளுவர் இதற்கு இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். 72ஆவது அவையறிதல், 73ஆவது அவையஞ்சாமை. அவையினை மிக்கது, ஒத்தது, தாழ்ந்தது என மூவகைப்படுத்துவர் பரிமேலழகர். அஞ்சாமையைத் தனியே ஓர் அதிகாரமாக்க வேண்டியது ஏன் என வினவின், அவை மறுத்துரைக்க வல்லது என்பதே விடையாகும். போர்க்களத்து இறக்கத் துணிவார் பலராகவும் அவைக்களத்து அஞ்சாதார் சிலரே என்னும் கருத்தும், அவ்வதிகாரத்து இறுதியில் அவையைக் களன் என்ற சொல்லாற் குறித்தமையும் இதனை வலியுறுத்துவன. வாய்திறவாது கேட்டுக் கையொலி எழுப்பிக் கலையும் கூட்டத்தை யாரும் அஞ்சார்.

மன்றமும் பொதியிலும் இதனின் வேறானவை. மன்றம் ஊர்நடுவே மரநிழலில் யாவர்க்கும் பொதுவாய வெளி. பொதியில் பொதுவாய இல். பொதியில் புதியராய் வந்தார் தங்கும் இடமாகவும் இருந்தமையைப் பட்டினப்பாலை காட்டும். இந்திரவிழவூரெடுத்த காதை கூறும் ஐவகை மன்றங்களுள் ஒன்றேனும் அறிஞர் கூடி ஆராயும் இடமன்று. ஆதலின் மன்றத்துக்குரிய இயல்பு திறந்திருத்தல். அவைக்குரிய இயல்பு தெரிந்தெடுத்தல். சட்டமன்றம் எனவும் சட்டப்பேரவை எனவும் இருபெயர் வழங்குகின்றோம். மேலவை 1986ஆம் ஆண்டு நீக்கப்படும் வரை, ஈரவையும் சேர்ந்தது மன்றம், அவற்றுள் ஒன்று பேரவை என்னும் வேறுபாட்டுக்கு இடமிருந்தது. இன்று அவ்விரண்டும் பேச்சுவழக்கில் ஒன்றாய்விட்டன.

சில சொற்கள் பொருள் உயர்ந்தன, சில தாழ்ந்தன. கழகம் என்பது குறளில் சூது அதிகாரத்துள் கவறாடும் இடம். கம்பர் காலத்து அது கலை பயிலும் இடமாயிற்று. 1920இல் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகமும், 1944இல் பெயர் பெற்ற திராவிடர் கழகமும், சர்வகலாசாலை என்னும் பெயரை வழக்கொழித்த பல்கலைக்கழகமும் அச்சொல்லின் பழைய கறையை முற்றத் துடைத்தன. கோட்டியின் வரலாறு இதற்கு நேர்மாறு. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில் கற்றார் கூடி உரையாடுதலைக் குறித்த அச்சொல், வைணவர் வழக்கில் கோஷ்டியாய்ப் பெருமை குன்றாது நிற்க, அரசியல் வழக்கில் பூசலிடும் பிரிவினரைக் குறிப்பதாயிற்று. 'கோஷ்டி' என்றவுடன் நகைப்போர் குறளின் கோட்டியை நினைப்பாரல்லர்.

கல்வெட்டுச் சொற்களின் நிலை பிறிது. முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையை நுணுக்கமாக உரைக்கின்றன. கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். வாரியம் என்னும் சொல் மின்வாரியம், தேர்வு வாரியம் என இன்று மீண்டும் வாழ்வு பெற்றிருப்பது மகிழ்தற்குரியது. கணக்குக் காட்டுதல் என்னும் அதன் பழைய நிபந்தனையும் உடன் வந்ததா என்பது மொழியாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாடு என்பது சோழர் கல்வெட்டுகளில் நிலப்பகுதியையும் அதன் மக்கள் கூடிய அவையையும் ஒருங்கே குறித்தது. சித்திரமேழிப் பெரியநாடு என்பது உழுதொழிலாளர் பேரமைப்பு. எனவே மகாநாடு, மாநாடு என்னும் பிற்கால ஆட்சியைப் பொருளற்றதென இகழ்தல் வேண்டா. அதனை வழங்கியோர் கல்வெட்டை எண்ணினரோ இல்லையோ, அச்சொல்லின் வேர் அங்குளது எனக் கொள்ளுதல் தகும்.

இனி அரங்கு. நம் காலத்துக் கூட்டப்பெயர்களுள் பெரும்பாலனவற்றுக்கு இதுவே ஈறு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அமைக்கப்படுகின்றது. ஒருமுக எழினி முதலாய மூவகைத் திரையும் அதற்கு உண்டு. அந்த ஒருகோல் உயரமே இங்கு நம் கருத்துக்கு உரியது. ஆடுவாரையும் காண்பாரையும் அது பிரிக்கின்றது. மேலிருப்பார் நிகழ்த்துவர்; கீழிருப்பார் காண்பர். கருத்தரங்கு என்னும் சொல்லை இப்பொருளிற் கொள்ளின், கருத்து அங்கே ஆராயப்படுவதன்று, ஆடிக்காட்டப்படுவது என்றாகும்.

ஆயின் குறளின் அரங்கு வேறு. மேற்கூறிய கல்லாமைக் குறளில் அரங்கு என்பது வட்டாடுதற்கு வகுத்த கட்டம். நூலறிவின்றிக் கோட்டி புகுதலுக்குக் கட்டம் வகுக்காது ஆடுதல் ஆங்கு உவமை. கட்டத்தின் இருபுறத்தும் இருவர் இருப்பர். ஒருவர் நகர்த்தின் மற்றவர் எதிர்நகர்த்துவர். விதி இருவர்க்கும் ஒன்று. கருத்தரங்கு என்னும் ஆட்சிக்கு இதனினும் சிறந்த பொருள் வேண்டுவதில்லை. ஆதலின் குறை சொல்லில் இல்லை. இரண்டு அரங்குகளுள் எதனை நாம் நடத்துகின்றோம் என்பதே வினா.

நடைமுறையை நோக்குவோம். காலையில் தொடக்க விழா, பொன்னாடை, வாழ்த்துரைகள், எஞ்சிய பொழுதில் ஒருவர்க்கு ஐந்து நிமிடமாகக் கட்டுரை படித்தல், மாலையில் சான்றிதழ். வினா எழுப்பக் கையுயர்த்தும் மாணவனுக்குக் 'காலம் போதாது' என்னும் விடையே கிட்டும். வேற்றுநாட்டார் ஒருவர் வந்தமர்ந்தால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தே இணையவழி நிகழ்ச்சிகள் பெருகியபின் வந்தமர வேண்டிய தேவையும் நீங்கிற்று. பட்டமேற்படிப்பு மாணவர்க்கும் பணி நாடுவார்க்கும் சான்றிதழ் வேண்டியிருத்தலை யாம் மறுக்கவில்லை. அவர் படித்த கட்டுரையின் பிழையை ஒருவரும் எடுத்துரைக்காமையான், அதே பிழை அச்சேறிப் பிறர் கட்டுரைக்கு மேற்கோளாய் நிற்பதே இதன் விளைவு. அவையஞ்சாமை கற்க வேண்டிய பருவத்தில் அஞ்சுதற்கு ஓர் அவையே இல்லாது போயிற்று.

பட்டிமன்றம் இதற்கு எதிரான வழக்கு. சிலப்பதிகாரத்தினும் மணிமேகலையினும் காணப்படும் பட்டிமண்டபமே அதன் முன்னோடி. மணிமேகலையில் அது சமயவாதியர் ஏறி வழக்கிடும் இடம். மண்டபத்தை மன்றமாக்கிய இக்கால வழக்கு, குன்றக்குடி அடிகளார் போன்றோரால் ஊர்தோறும் பரவிற்று. பின்னர்த் தொலைக்காட்சியின் விழாநாட் பொழுதுபோக்காயிற்று எனப் புலவர் பலர் அதனை எள்ளுவர். எள்ளுதற்கு இடமுண்டு. எனினும் எதிரணி என ஒன்றும், செவிமடுத்துத் தீர்ப்புரைக்கும் நடுவர் என ஒருவரும் இன்றியமையாது வேண்டப்படும் கூட்டம் இன்று தமிழில் அஃதொன்றே. தொல்காப்பியர் காலத்து அவையத்தின் உறுப்புகளுள் இரண்டனை அது காத்து வருகின்றது. கருத்தரங்கு ஒன்றனையும் காத்திலது.

இதனின் எளிய முறையொன்று பின்பற்றத்தக்கது. கட்டுரைகளைப் படித்தல் மட்டுமே நிகழுமாயின் அழைப்பிதழில் 'கட்டுரை வாசிப்பு' என்றே அச்சிடுக. கட்டுரைகளை முன்னரே அனைவர்க்கும் அளித்து, படித்த நேரத்தினும் மிக்க நேரத்தை வினாவிற்கு ஒதுக்கி, கட்டுரைக்கு மறுப்புரைப்பார் ஒருவரை முன்னரே அமர்த்தி நடத்துவதாயின் 'ஆய்வவை' என்க. அவ்வழைப்பிதழில் கட்டுரையாளர் பெயருக்கு அருகே மறுப்புரைப்பார் பெயரும் இருத்தல் வேண்டும்.