நமது பேச்சும் நமது திரையும்

சினிமாவைப் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை தயாரிப்பாளரையும் நெறியாளரையும் நடிகரையும் கூண்டிலேற்றி விசாரிப்பனவாகவே அமைகின்றன. பணங்கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, மூன்று மணிநேரம் இருட்டில் அமர்ந்து, கைதட்டியும் விசிலடித்தும் அப்படங்களை வாழவைக்கும் பார்வையாளன் மட்டும் விசாரணைக்குத் தப்பிவிடுகின்றான். இலங்கையில் தமிழ்ப் படம் பார்ப்போரைப் பொறுத்தவரையில் இந்த விடுவிப்பு நியாயமானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலிற் படமாளிகையை நோக்குவோம். வெள்ளவத்தை சவோய் போன்றதோர் அரங்கிலே, பெரிய நட்சத்திரம் ஒருவரின் படத்தை முதல் நாளிலே பார்த்தவர்கள் அந்த அனுபவத்தை இலகுவில் மறக்கமாட்டார்கள். நாயகனின் முகம் தெரிவதற்கு முன்னரே, அவனது காலடி தெரிந்த மாத்திரத்திலேயே ஆரவாரம் எழுகின்றது. முன்வரிசைகளில் இளைஞர் எழுந்து ஆடுகின்றனர். வசனம் காதில் விழுவதில்லை. விழவேண்டுமென்று எவரும் கவலைப்படுவதுமில்லை. இதனைக் கண்டு முகஞ்சுளிப்பது விமர்சகர் சிலரது வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று. வீதியிலும் பஸ்ஸிலும் தமிழில் உரத்துப் பேசத் தமிழர் பல ஆண்டுகளாக அஞ்சியிருந்த நகரம் இது. இங்கே நூற்றுக்கணக்கானோர் ஒன்றுகூடித் தமிழிற் சத்தமிட்டுச் சிரிப்பதற்குப் படமாளிகை இடமளிக்கின்றதெனின், அதனை வெறுங் கூச்சலென்று ஒதுக்கிவிடல் தகாது.

ஆயினும் அந்த மூன்று மணிநேரத்திலும் அரங்கினுள் இரண்டு தமிழ்கள் உலவுகின்றன. திரையிலிருந்து வருவது ஒன்று. இடைவேளையில் சிற்றுண்டிச்சாலை வாயிலில் நாம் பேசுவது மற்றொன்று. திரையிலே ஒரு பாத்திரம் ‘ஓம்’ என்றோ ‘பேந்து கதைப்பம்’ என்றோ கூறிவிட்டால் அரங்கு சிரிக்கின்றது. காட்சி நகைச்சுவைக் காட்சியாக இல்லாதவிடத்தும் சிரிக்கின்றது. சிரிப்பவர்கள் வீட்டில் அதே சொற்களைப் பேசிவிட்டு வந்தவர்களே. இந்தச் சிரிப்பு எவ்வாறு உண்டாயிற்று என்பதை ஆராய்வதற்குச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சிங்களச் சினிமாவும் தென்னிந்தியாவின் மடியிலேயே பிறந்தது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ எஸ். எம். நாயகம் என்ற தமிழரால் மதுரைக் கலையகத்திலே தயாரிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த படங்களும் பாட்டிலும் நடிப்பிலும் தென்னிந்திய வார்ப்பையே கொண்டிருந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்திற்காகக் கமராவைக் கலையகத்திற்கு வெளியே, கிராமத்திற்குக் கொண்டுசென்றார். அவரது ‘கம்பெரலிய’ 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவிலே தங்கமயில் விருதினைப் பெற்றது. ஒன்பது ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்திற்குத் தனிமனித ஆற்றல் ஒரு காரணம். சிங்களப் பார்வையாளனுக்குத் தன் மொழியிற் படம் அனுப்பிவைக்க வேறொரு நாடு இல்லாதிருந்தமை மற்றொரு காரணம். தன் படத்தைத் தானே எடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு இருந்தது.

நமக்கோ சென்னை இருந்தது. வாரந்தோறும் படம் வந்தது. பெருஞ்செலவிற் தயாரான, பெரும் நட்சத்திரங்கள் நடித்த படங்களை இங்குள்ள தமிழன் மலிவாகப் பார்க்க முடிந்தது. அந்த வளமே நமக்குத் தடையாகவும் அமைந்தது. 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’ என்று இலங்கைத் தமிழ்ப் படங்கள் தோன்றியபோது, அவை சென்னைப் படங்களின் சிறிய நகல்களாக இருக்கவே முயன்றன. இந்நாட்டு மக்களின் கதையைச் சொல்ல முற்பட்ட பாத்திரங்களும் பெரிதும் கோடம்பாக்கத் தமிழையே பேசின. நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த இரசிகன் மூலத்தையே தெரிந்ததில் வியப்பில்லை.

எழுபதுகளில் நிலைமை சற்று மாறிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் கையில் எடுத்தது. இந்தியப் படங்களின் வரவு மட்டுப்பட்ட அக்காலப்பகுதியிலேயே நமது முக்கியமான முயற்சிகள் சில வெளிவந்தன. கட்டடக்கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972) யாழ்ப்பாணத்து மண்ணையும் மக்களையும் திரைக்குக் கொணர்ந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975) மலையகத் தொழிலாளரைப் பற்றிப் பேசியது. செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ 1978இற் படமாயிற்று.

இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது தர்மசேன பத்திராஜா நெறியாண்ட ‘பொன்மணி’ (1977). காவலூர் ராஜதுரையின் கதையிலமைந்த இப்படத்திலே, சீதனத்திற்கு வழியின்றி மணமாகாது காத்திருக்கும் மூத்தவளும், சாதி எல்லையைக் கடந்து காதலிக்கும் இளையவளும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். நெறியாளர் உரத்துப் பேசவில்லை. முற்றமும் வேலியும் ஒழுங்கையும் மௌனமுமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. நாயகன் வந்து நூறுபேரை அடித்துச் சாதியை ஒழிப்பதில்லை. சாதி எவ்வளவு அமைதியாக ஒரு வீட்டினுள்ளே வேலைசெய்கின்றது என்பது காட்டப்படுகின்றது. படத்திற் குறைகள் இல்லையெனக் கூறேன். சில இடங்களில் நிதானம் தேக்கமாகிவிடுகின்றது. நடிகர் சிலர் கமராவின் முன் இறுகி நிற்கின்றனர். எனினும் நமது வீட்டை நமக்குக் காட்டிய படம் அது. மக்கள் அதனை வரவேற்கவில்லை. அடுத்த ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்து, இந்திய இலங்கைக் கூட்டுத்தயாரிப்பாக வெளிவந்த ‘பைலட் பிரேம்நாத்’ படத்திற்கோ பெருங்கூட்டம் திரண்டது. சிவாஜியின் நடிப்பாற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ‘நம்மிடம் நல்ல படம் இல்லை’ என்று இன்றும் குறைகூறுவோர், இருந்த ஒன்றை நமது முன்னோர் எவ்வாறு நடத்தினர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

முழுப்பழியையும் பார்வையாளன்மீது சுமத்துவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் உள்நாட்டு முயற்சிகளை மீண்டும் போட்டிக்குள் தள்ளியது. 1983 ஜூலையிலே தமிழர்க்குச் சொந்தமான படமாளிகைகள் எரிக்கப்பட்டன. 1965இல் எழுபது மில்லிமீற்றர் திரையோடு திறக்கப்பட்ட கொம்பனித்தெரு றியோ அவற்றுள் ஒன்று. சிங்களப் படங்களை நெறியாண்டு புகழ்பெற்றிருந்த கே. வெங்கட் அந்நாட்களிலே கொல்லப்பட்டார். அதன்பின் நீண்டகாலத்திற்கு இங்கு தமிழ்ப் படம் எடுப்பதென்பது எண்ணிப்பார்க்கவும் அரியதாயிற்று.

அந்த இடைவெளியில் நமது கதையை மற்றையோர் சொன்னார்கள். ‘தெனாலி’யிலே (2000) கமல்ஹாசன் நமது பேச்சைப் பேசினார், யுத்தத்தாற் பேதலித்த அகதியின் அச்சம் நகைச்சுவைக்கு முதலாயிற்று. நாமும் சிரித்தோம், பெருமையும் கொண்டோம். 2025இல் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பொருளாதார நெருக்கடியால் கடல்கடந்து சென்னையிற் குடியேறும் நம்மவர் குடும்பத்தைப் பரிவோடு சித்திரித்தது. அதன் பரிவு உண்மையானது. கால்நூற்றாண்டில் நிகழ்ந்த முன்னேற்றம் அது. ஆயினும் எல்லோரையும் நல்லவராக்கிவிடும் அவசரம் அதில் உண்டு. தம் அடையாளத்தை மறைத்து வாழ்வோரின் அச்சம் விரைவிலே இனிப்பாகக் கரைந்துவிடுகின்றது. விருந்தோம்புவோரின் நற்குணத்தை விருந்தாளியின் வாயாற் சொல்லவைக்கும் கதையாகவே அது எனக்குத் தோன்றியது.

இங்கேயே உருவான படங்களுக்கு நாம் காட்டிய முகம் வேறு. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012), யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பும் முன்னாட் போராளியை ஊர் எவ்வாறு ஏற்க மறுக்கின்றது என்பதைக் காட்டியது. ‘பொன்மணி’யைப் போன்று இதுவும் சிங்கள நெறியாளர் ஒருவரின் ஆக்கம் என்பது நம்மைச் சிந்திக்கவைக்க வேண்டும். ஜூட் ரட்ணத்தின் ‘டெமன்ஸ் இன் பாரடைஸ்’ (2017) தமிழ் இயக்கங்களுக்கிடையே நிகழ்ந்த வன்முறையையும் பேசிய ஆவணப்படம். 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழாவிலே அதன் திரையிடல் எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. அப்படத்தின் அரசியலோடு முரண்படுவோருக்கு அதற்கான உரிமை உண்டு. பார்த்தபின் முரண்படுவதே விமர்சனம். பார்க்கவிடாது தடுப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

ஆகவே, நமது பேச்சு நகைச்சுவைக்கு வந்தாற் சிரிக்கிறோம். நமது வீட்டின் சாதியைக் காட்டினால் விலகிச் செல்கிறோம். நமது காயத்தைத் தொட்டாற் கதவை மூடுகிறோம். இம்மூன்று செயல்களுக்கும் வேர் ஒன்றே. திரையென்பது நம்மை மறப்பதற்கான இடமென்று பழகிவிட்டோம். களைத்த மனிதனுக்கு அந்த மறதியும் வேண்டும். ஆனால் அது மட்டுமே போதுமென்று ஒரு சமூகம் முடிவுசெய்யுமாயின், அதன் கதை பிறர் விரும்பியவாறே சொல்லப்படும்.

கமராவும் தொகுப்புக் கருவியும் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்ட இக்காலத்தில், செலவைக் காரணங்காட்டி எவரும் ஒதுங்க முடியாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கொழும்பிலும் இளைஞர் குறும்படங்களை எடுத்தவண்ணமே உள்ளனர். நல்லவற்றை நல்லவையென்றும் குறையுள்ளவற்றைக் குறையுள்ளவையென்றும் கூறவல்ல பார்வையாளர் கூட்டமே அவர்களுக்கு வேண்டியது. நம்மைப் போன்ற தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவியரங்கும் நடத்துகின்றன. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி விரிவுரை மண்டபத்திலே ‘பொன்மணி’யைத் திரையிட்டு, சிங்கள மாணவ நண்பர்களையும் அழைத்து, முடிந்தபின் ஒரு மணிநேரம் வாதிடலாம். படத்தில் யாரேனும் ‘ஓம்’ என்னும்போது மண்டபம் சிரிக்கின்றதா இல்லையா என்பதையும் அன்று கவனிக்கலாம்.