உலா போகிற பதின்மூன்று வயது

சிறுவர் படத்தை ஒரு பெண் விரும்பிப் பார்த்தால் அதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. பிள்ளைக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள். இல்லையென்றால், தொலைந்த பால்யத்துக்கு ஏங்குகிறாள். அவளுக்கென்று ஒரு ரசனை இருக்கலாம் என்பது இரண்டிலும் இல்லை. ஹயாவோ மியாசகியின் 'கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989) படத்தை வளர்ந்த பெண்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதை இந்த விளக்கங்களுக்குள் அடக்க முடியாது.

எய்கோ கடோனோ 1985இல் எழுதிய சிறுவர் நாவலே படத்தின் மூலம். மந்திரக்காரியின் மகள் கிக்கி 13 வயதில் குல மரபுப்படி வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். முன்பின் தெரியாத ஊரில் ஓராண்டு தனியாகப் பிழைக்க வேண்டும். தெரிந்த ஒரே வித்தை துடைப்பத்தில் பறப்பது. அதையே தொழிலாக்கி, வீடுவீடாகப் பொருள்களைக் கொண்டு சேர்க்கிறாள்.

நம் வீடுகளில் ஏறக்குறைய அந்த வயதில்தான் சடங்கு சுற்றுகிறார்கள். சீர்வரிசையும் பந்தலும் முடிந்த மறுநாளே எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. கிக்கிக்குக் கதவு திறக்கும் வயதில் நமக்குச் சாத்தப்படுகிறது. அனுபவித்த ஒன்றுக்குத்தானே ஏங்க முடியும்? நாம் பார்ப்பது நமக்குக் கிடைக்காத 13 வயதை.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே உலா இலக்கியம் நினைவுக்கு வரும். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் அரசன் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் தெருவில் நிற்கிறார்கள். அவனைக் கண்டு ஒருத்தி எப்படி ஆகிறாள் என்பதே அவள் பருவத்துக்கு அடையாளம். வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 13 வயதுக்காரி மங்கை. பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு நமக்குப் பெயரே இல்லை. கிக்கியின் கதையில் உலா போகிறவள் மங்கை. அவளுக்கு இடம் கொடுப்பவள் பேக்கரி நடத்தும் கர்ப்பிணி ஒசோனோ. வேலை கொடுப்பவர்களில் ஒரு மூதாட்டியும் உண்டு.

படம் உழைப்பையும் மறைப்பதில்லை. கொட்டும் மழையில் கிக்கி கொண்டுபோய்க் கொடுக்கும் பண்டத்தை, வாங்கும் பெண் அலட்சியமாகப் பெற்றுக்கொள்கிறாள். கிக்கி காய்ச்சலில் விழுகிறாள். பிறகு ஒருநாள் பறக்கவே முடியாமல் போகிறது. ஓவியம் வரையும் உர்சுலா தனக்கும் வரைய வராமல் போன காலத்தைச் சொல்லி, கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்கிறாள். பெண்ணின் சோர்வுக்குக் காதல் தோல்வியையோ தாய்மையையோ காரணமாக்காமல் வேலையிலேயே காரணம் தேடுவதைப் பெரியவர்களுக்கான நம் சினிமாவில் நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

குறையும் உண்டு. கிக்கிக்குப் பறக்கும் ஆற்றல் மீள்வது ஒரு பையனைக் காப்பாற்றும் தருணத்தில்தான். தனக்காகவே அவள் மீண்டும் பறந்திருக்கலாம்.

ஆனாலும் படத்தின் பெரிய மாயம் துடைப்பத்தில் இல்லை. வீட்டைவிட்டு வந்த முதல் இரவில், மழைக்கு ஒதுங்கிய கிக்கி சரக்கு ரயிலில் வைக்கோல் மேல் தனியாகத் தூங்குகிறாள். காலையில் மாடுகள் அவள் காலை நக்க, சிரித்துக்கொண்டே எழுகிறாள். இரவில் அவளுக்கு எதுவும் நடக்கவில்லை. சிறுமிக்கு இது சாதாரணக் காட்சி. துடைப்பம் பறப்பதைத்தான் வாய்பிளந்து பார்ப்பாள். அந்த ரயில் பெட்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் விடுகிறவள் வளர்ந்த பெண். எது கற்பனை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் படம் அவளுக்கும் உரியது.