வெயிலூரில் ஒரு மோரா

வேலூரை வெயிலூர் என்று நாங்களே கேலி பண்ணிக்கொள்வோம். வெளியூர்க்காரர் சொன்னால் மட்டும் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அந்த வெயிலூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் நான். முகூர்த்த நாட்களும் அக்னி நட்சத்திரமும் எனக்குச் சேர்ந்தேதான் வரும். மே மாத மதியத்தில், சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும்போதே அறைக்குள் 36 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு ரைசன் 5900எக்ஸ் பிராசசரும் ஓர் ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டும் விடிய விடிய ரெண்டர் போட வேண்டியிருந்தது. கார்டு மட்டுமே 350 வாட் இழுக்கும், பிராசசர் முட்டினால் 140. பாதி இஸ்திரிப் பெட்டியை மேஜைக்கு அடியில் எரியவிட்ட மாதிரிதான்.

இன்றைக்கு அதே அறையில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாதஸ்வரக்காரர் அடுத்த பிடிக்கு மூச்சு இழுப்பது ஸ்பீக்கரில் தனியாகக் கேட்கிறது. முன்பு அந்தச் சத்தத்துக்கு ஹெட்போன் மாட்ட வேண்டும். இந்த அமைதிக்குக் காரணமான, கம்ப்யூட்டரின் சூட்டைத் தண்ணீர் வழியாக வெளியேற்றும் ரேடியேட்டரைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் நான் நிறுத்தவே மாட்டேன். வீட்டில் யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் ரேடியேட்டரில் நான் செய்த தப்பை வாட்டர் கூலிங் என்ற இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் பாதிப் பேர் செய்கிறார்கள். தடிமனைப் பார்த்து மயங்கிவிட்டேன். என் பழைய கேபினெட்டில் 240-க்கு மேல் ஏறாது, அதாவது 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டுதான். இடம் இல்லாவிட்டால் என்ன, கனமாக வாங்கிவிடுவோம் என்று 60 மி.மீ. தடிமனில் ஒன்றை வாங்கினேன். உள்ளே ஃபின்கள் எனப்படும் மெல்லிய தகடுகள் சீப்புப் பல்லைவிட நெருக்கம். கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருந்தது, காசுக்குப் பொருள் கிடைத்துவிட்ட திருப்தி. ஓடவிட்டபோதோ விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அலறியும் தண்ணீர் 53 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

அடுத்த கூத்தும் என்னுடையதுதான். 25 மி.மீ. விசிறியை மாட்ட 30 மி.மீ. ஸ்க்ரூ போதும். டப்பாவில் கிடந்த 35-ஐ எடுத்து முடுக்கினேன். ஃபினைத் தாண்டித் தண்ணீர் ஓடும் குழாயில் போய்க் குத்திவிட்டது. (ஆல்ஃபாகூல் மாதிரி சில நிறுவனங்கள் ஸ்க்ரூ துளைக்கு நேர் கீழே ஒரு தகடு வைத்தே செய்கிறார்கள். வாங்கும்போது அதைப் பாருங்கள், என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.) சொட்டுச் சொட்டாக ஒழுகும் செங்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு பைபாஸ் ஓரம் லாரி ரேடியேட்டர் பார்க்கும் பாயிடம் போனேன்.

"இன்னா தம்பி இது, காரு ஹீட்டரா?"

"கம்ப்யூட்டருக்கு, பாய்."

பாய் என்னை ஒரு தரம், ரேடியேட்டரை ஒரு தரம் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றும் தப்பில்லை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாட்டர் கூலிங் செய்த பலர் பழைய பான்டியாக் பானவில் காரின் ஹீட்டர் கோரைத் தேடித் தேடி வாங்கி மாட்டினார்கள். கம்ப்யூட்டருக்கென்றே செய்யும் ரேடியேட்டர்கள் பெருகியது பிற்பாடு.

பாய் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்றைச் செலுத்தி, தொட்டித் தண்ணீரில் முக்கினார். குமிழி வந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்து, கேஸ் விளக்கைக் காட்டி ஈயம் வைத்தார். குழாய் பித்தளை என்பதால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அலுமினியமாக இருந்தால் தூக்கித்தான் போட்டிருக்க வேண்டும். தாமிரம், பித்தளை ரேடியேட்டரை வாங்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கார்டின் மேல் உட்காரும் வாட்டர் பிளாக் பெரும்பாலும் தாமிரம். அதே தண்ணீரில் அலுமினியமும் இருந்தால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து, அலுமினியத்தை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

திருப்பித் தரும்போது பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "காத்து பூந்து வர வழியே இல்லியே தம்பி. இத்த ஒரு லாரிக்கு மாட்டி பெங்களூருக்கு உட்டா ஆம்பூர் தாண்டாது."

எத்தனையோ மாதம் வரைபடங்களாகப் பார்த்தும் ஏறாத விஷயம் அன்றைக்கு மண்டையில் ஏறியது. ரேடியேட்டரின் பலத்தைத் தீர்மானிப்பது அதற்குள் நுழைந்து வெளியேறும் காற்று. ஓர் அங்குலத்துக்கு இருபதுக்கு மேல் ஃபின் இருந்தால், வேகமான விசிறி வைத்துத் திணித்தால்தான் காற்று நுழையும். மெதுவாகச் சுற்றும் விசிறிக்கு எட்டிலிருந்து பதினாறுக்குள் இருப்பதுதான் தோது. அடுத்தது தடிமன். மெல்ல நகரும் காற்று முன்பாதியைக் கடக்கும்போதே சூடாகிவிடுகிறது, பின்பாதி இறக்க வேண்டிய சூட்டை அது எப்படி வாங்கும்? 30 மி.மீ.யை 60 ஆக்கினால் விலை ஏறுகிறது, பலன் அதே அளவுக்கு ஏறுவதில்லை. நெருக்கமான ஃபினில் எங்கள் ஊர்த் தூசி கம்பளி மாதிரி படிந்துகொள்வது தனிக் கதை.

ஆக, பரப்புதான் எல்லாம். 240 என்றால் 288 சதுர சென்டிமீட்டர். 360 என்றால் 432. 140 விசிறி இரண்டு போடும் 280 பேரில்தான் சின்னது, 392 வந்துவிடுகிறது. 420 போட இடமிருந்தால் 588. ஒரு 120 விசிறி இடத்துக்கு 100 வாட் என்று ஒரு வாய்ப்பாடு புழங்குகிறது. குளிர் தேசத்துக்கு அது சரி. ரேடியேட்டர் எவ்வளவு நல்லதானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. அங்கே 20-இல் தொடங்குகிற கணக்கு நமக்கு 36-இல் தொடங்குகிறது. தண்ணீர் 60-ஐத் தொட்டால் பம்புக்கும் கெடுதல், பிஇடிஜி பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும் பயமும் உண்டு. அதனால் வேலூரில் அந்த வாய்ப்பாடு சொல்லும் பரப்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

நான் இரட்டிப்போடு நிற்கவில்லை. பெங்களூரில் ஒருவர் வெளிநாடு கிளம்புகிற அவசரத்தில் விற்ற வாட்டர்கூல் நிறுவனத்தின் மோரா3 420 ரேடியேட்டரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன். ஜெர்மன்காரர்கள் செய்தது. கேபினெட்டுக்குள் போகிற சாமானே இல்லை. ஜன்னல் கதவு மாதிரி வெளியே நிற்கும். 140 விசிறி ஒரு பக்கத்துக்கு ஒன்பது! 42-க்கு 42 என்று பெருக்கினால் 1,764 சதுர சென்டிமீட்டர், நான்கு 360-களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதற்கு மேல். முதல் தடவை நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் எதிரே டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

மாட்டுவதற்கு முன் கழுவியதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டரைச் சுடவைத்து ஊற்றி, குலுக்கி, கொட்டி, நாலு கேன் காலியானது. பழைய ரேடியேட்டர் என்றால் பழைய கூலன்ட்டின் கசடு வரும், புதுசு என்றாலும் பற்றவைத்தபோது படிந்த ஃப்ளக்ஸ் வரும். சோம்பல்பட்டால் அது போய் வாட்டர் பிளாக்கின் மயிரிழைக் கால்வாய்களில் அடைத்துக்கொள்ளும்.

முதல் ஓட்டம். மூன்று மணி நேர ரெண்டர், அறை 36, ஒன்பது விசிறிகளும் 600 சுற்றில். தண்ணீர் 41-இல் நின்றது. நின்றே விட்டது! சென்சாரில் கோளாறோ என்று இன்னொரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், அதே 41. முன்பு 67-இல் தவித்த கார்டு 55. பிராசசர் அந்த அளவுக்கு இறங்கவில்லை, அதில் ஏமாற வேண்டாம். சுண்டு விரல் நகம் அளவுச் சில்லிலிருந்து சூடு வெளியே வருவதே அங்கே சிக்கல், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் ஓரளவுக்குத்தான் உதவும்.

தண்ணீர் சுற்றிவரும் லூப்பில் எதற்குப் பிறகு எது என்று சண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஓடினால் 490 வாட்டும் சேர்ந்து தண்ணீரை ஏற்றுவது இரண்டு டிகிரிக்கும் கீழே. குழாய் எப்படி மடங்காமல் போகுமோ அப்படிப் போடுங்கள்.

மோராவின் அருமை முழுசாகத் தெரிந்தது போன வருஷம் அறைக்கு ஏசி வைத்தபோது. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3,500 வாட் சூடு. அதில் ஏழில் ஒரு பங்கை என் கம்ப்யூட்டரே கக்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரில் இரண்டு துளை போட்டு, மோராவை வெளி நடைக்குத் தள்ளிவிட்டேன். நடையில் 38 டிகிரி, தண்ணீர் 43. இருக்கட்டுமே, சூடு என் அறைக்குள் வருவதில்லை, விசிறிச் சத்தமும் சுவருக்கு அந்தப் பக்கம். குழாய் நடுவே குவிக் டிஸ்கனெக்ட் வைத்திருப்பதால் பிரிக்கும்போது ஒரு சொட்டுதான் சிந்துகிறது.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று சொல்ல மாட்டேன். விலை கையைக் கடிக்கும், இடத்தை அடைக்கும், வீடு மாற்றும்போது அழ வைக்கும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் கேம் ஆடுகிறவருக்கு 30 மி.மீ. தடிமனில் ஒரு 360-ம் ஒரு 240-ம் தாராளம். பிலிப்பைன்ஸின் ஹார்ட்வேர் லேப்ஸ் செய்யும் பிளாக் ஐஸ் நெமசிஸ் ஜிடிஎஸ், பதினாறு ஃபின்னோடு ஒல்லியாக அழகாக இருக்கும். அதை நண்பன் ஒருவனுக்கு மாட்டிக்கொடுத்தேன், நிம்மதியாக இருக்கிறான்.

எனக்கு மோராதான். எங்கள் வீட்டில் அதை நான் மட்டும் கொண்டாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் விடாமல் ஊற்றியபோது, நடையில் ஒரு கொடி கட்டி, மோராவின் எதிரே அப்பாவின் வேட்டியும் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்தாம் நாள் முகூர்த்தம் இல்லை, சிஸ்டத்தை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அம்மா கதவைத் தட்டினாள்.

"ஏண்டா, இன்னிக்கு உனக்கு வேலை இல்லியா? துணி இன்னும் காயலியே."