நெய்தலில் உருளும் பந்து

எடின்பரோ நகரத்துக்குள்ளேயே, கல் வீடுகளின் சன்னல்கள் பார்த்தபடி இருக்கும் ஒரு புல்மேடு உண்டு. பிரன்ட்ஸ்ஃபீல்டு லிங்க்ஸ் என்று பெயர். கோடையில் அங்கே 36 குட்டிக் குழிகள் வெட்டிக் கொடி நடுகிறார்கள். கட்டணம் கிடையாது. ஒரு மட்டை, பந்தை உருட்ட ஒரு பட்டர், இரண்டு பந்து இருந்தால் யாரும் ஆடலாம். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் அடுத்தடுத்த கொடிகளை நோக்கி அடித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கோல்ஃப் ஆட எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இலவசத் திடலைத்தான். கோல்ஃப் அந்த நாட்டில் ஊர்ச் சொத்து என்பது இங்கே கால் மணி நேரம் நின்றாலே புரிந்துவிடும்.

கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் மேடுகளைத்தான் அவர்கள் லிங்க்ஸ் என்கிறார்கள். நம் திணைக் கணக்கில் நெய்தல். உப்புக்காற்று அடிக்கும் அந்த மணலில் ஏர் ஓட்டிப் பயனில்லை. ஆடு மேய்ந்தது, முயல் வளை பறித்தது, ஊரார் பந்து அடித்தார்கள். குளிருக்கு ஒதுங்கிய ஆடுகள் கிடந்து கிடந்து தேய்த்த பள்ளங்களே பங்க்கர்கள் என்னும் மணற்குழிகளாயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் பேச்சு. மழை எவ்வளவு பெய்தாலும் மணல் குடித்துவிடும். தரை இறுகியே இருக்கும். அதன்மேல் ஃபெஸ்க்யூ என்னும் ஊசிப்புல், கட்டையாக, மெலிதாக. அதனால் பந்து விழுந்த இடத்தில் நிற்பதில்லை. மேட்டில் பட்டு விலகும், சரிவைப் பிடித்து ஓடும், நின்றுவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் இரண்டு அடி நகரும். இந்தக் கரையில் ஆட்டத்தின் சுவை, பந்து தரையைத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது.

ஆகவே ஒரு திடலை நிறுத்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே படிக்கல்: கொடியை அடைய அது எத்தனை வழி வைத்திருக்கிறது?

எடின்பரோவுக்குக் கிழக்கே பக்கத்திலேயே இருக்கிறது மசல்பரோ. குதிரைப் பந்தயப் பாதை சுற்றிவர, அதற்குள் 9 குழிகள். 1672-இல் இங்கே ஆடியதற்குக் கணக்கேட்டுச் சான்று இருக்கிறது. 1874-க்கும் 1889-க்கும் இடையே ஆறு முறை பிரிட்டனின் ஓபன் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது இந்த மண்ணில்தான். இன்று உலகமெங்கும் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். அந்த அளவும் இந்த ஊரில் 1829-இல் செய்த குழிவெட்டியிலிருந்து வந்தது. இவ்வளவு பெருமையும் சுமந்துகொண்டு, நகராட்சிப் பூங்கா போல எளிமையாகக் கிடக்கிறது திடல். ஹிக்கரி மரக்காம்பு வைத்த பழைய பாணி மட்டைகளை வாடகைக்கு எடுத்து ஆடுங்கள். அவற்றால் பந்தை உயரத் தூக்குவது கடினம். வேறு வழியின்றி உருட்டக் கற்றுக்கொள்வீர்கள். அடுத்து வரும் திடல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஏழு திடல்கள், ஏழும் பொது. அந்தக் கடற்கரை மணலில் ஆடும் ஊராரின் உரிமையை 1552-இலேயே பேராயர் ஒருவர் சாசனத்தில் ஒப்புக்கொண்டார். 1974-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அமைந்த அறக்கட்டளை இன்று அவற்றைப் பராமரிக்கிறது. ஏழில் மூத்தது ஓல்டு கோர்ஸ். முதன்முறை பார்ப்பவர்கள் ஏமாந்து போவதுண்டு: மரமில்லை, குளமில்லை, கசங்கிய போர்வையை விரித்ததுபோல ஒரு வெளி. ஆனால் இறங்கி ஆடினால் அதன் அறிவு விளங்கும். 14 குழிகள் இரண்டிரண்டாக ஏழு பெரிய கிரீன்களை, அதாவது கொடி நிற்கும் வழவழப்பான புல்தரைகளை, பங்கிட்டுக்கொள்கின்றன. சேர்ந்திருக்கும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 18. இடப்பக்கம் பெரும்பாலும் தாராளமான இடம், யாரும் அங்கே அடித்துவிடலாம். ஆனால் அங்கிருந்து கொடிக்குப் போகும் கோணம் பொல்லாதது. வலப்பக்கத்து முட்புதரை ஒட்டித் துணிந்து அடித்தவருக்கே பாதை திறக்கும். எளிய ஆட்டக்காரர் சுற்றி வரலாம், தேர்ந்தவர் குறுக்கே போகலாம். இருவருக்கும் அதே புல்வெளி போதுமாக இருக்கிறது.

17-ஆம் குழியின் கிரீனுக்கு முன்னால் ஆழமான பங்க்கர், பின்னால் சாலை, அதற்கும் பின்னால் கல்மதில். 1984 ஓபனில் டாம் வாட்ஸனின் பந்து அந்தச் சாலையில் போய் விழ, பட்டம் பாயெஸ்டெரோஸுக்குப் போனது. 18-ஆம் கிரீனின் முன் 'பாவப் பள்ளத்தாக்கு' என்று ஒரு குழிவு. 1995-இல் கொஸ்தாந்தினோ ரோக்கா அந்தப் பள்ளத்துக்குள் நின்று, பட்டரைக் கொண்டே பந்தை மேட்டில் ஏற்றிக் குழிக்குள் விழச்செய்தார். அதன் பின் நடந்த பிளேஆஃபில் ஜான் டேலியிடம் தோற்றார். ஆனாலும் அந்த உருட்டலை மறந்தவர் இல்லை. கிரீனுக்கு 30 கெஜம் வெளியே நின்று பட்டரைக் கையில் எடுக்க அதற்குப் பிறகு நானும் தயங்குவதில்லை.

டே ஆற்றைத் தாண்டினால் கார்னூஸ்டி. இதுவும் பொதுத் திடல்தான், குணம் மட்டும் நேர் எதிர். ஓல்டு கோர்ஸ் கேள்வி கேட்டுவிட்டு விடையை நம்மிடம் விடும். கார்னூஸ்டி தன் விடையையே எதிர்பார்க்கும். 6-ஆம் குழியில், பங்க்கருக்கும் இடப்பக்க வேலிக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய சந்தில் 1953-இல் பென் ஹோகன் ஒவ்வொரு சுற்றிலும் பந்தைக் கொண்டு வைத்தார் என்பது ஊர்க்கதை. அந்தச் சந்துக்கு இன்று அவர் பெயர். கடைசிக் குழிகளில் பேரி ஓடை வளைந்து வளைந்து குறுக்கே வரும். 1999-இல் மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு, 18-ஆம் குழியின் முதல் அடி அடிக்கும் டீக்கு வந்த ழான் வான் டி வெல்ட், அந்த ஓடையில்தான் ஓபனை விட்டார். துல்லியத்தைக் கொண்டாடுபவர்களுக்கு இதைவிட நேர்மையான சோதனை இல்லை. என் படிக்கல்லில் வைத்தால் ஓல்டு கோர்ஸின் தட்டே தாழ்கிறது. ஆட்டம் இன்னும் கைகூடாதவர்கள் பக்கத்திலேயே கட்டணம் குறைந்த பர்ன்சைடு திடலில் ஆடலாம். அதே மண், அதே காற்று.

ஓல்டு கோர்ஸில் இடம் பிடிக்க ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் குலுக்கல் உண்டு. பெயர் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். 1895-இல் அமைந்தும் இன்றுவரை 'நியூ' என்றே அழைக்கப்படும் திடல் ஒட்டியே இருக்கிறது. ஹாரி கோல்ட் 1914-இல் வரைந்த ஈடன், நிதானமாக ரசிக்க ஏற்றது. பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் 9 குழி பால்கோவ். பட்டர் ஒன்றோடு ஆடும் 'ஹிமாலயாஸ்' புல்மேட்டை 1867-இல் தொடங்கிய பெண்கள் சங்கம் வைத்திருக்கிறது. சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். தரை படிக்கும் கல்வியை அங்கே ஒரு மணி நேரத்தில் பெறலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் ஆட்டம் இல்லை. அன்று அது ஊராரின் நடைவெளி. நாயோடும் குழந்தை வண்டியோடும் வருவார்கள். மட்டைகளை அறையில் வைத்துவிட்டு நீங்களும் போங்கள். 18-இல் தொடங்கிப் பின்னோக்கி நடங்கள். 12-ஆம் குழியை டீயிலிருந்து பார்த்தால் தட்டையான புல்தான். கிரீனிலிருந்து திரும்பிப் பார்த்தால் நடுவழியில் பங்க்கர்கள் வாய் திறந்து கிடக்கும். முன்னொரு காலத்தில் எதிர்த் திசையிலும் ஆடிய திடல் இது. அந்தப் பங்க்கர்களை ஒளித்து வைத்தவர் யாருமில்லை. வந்த திசைதான் மறைத்தது. அவை இருக்கும் இடத்தைக் கால் நன்றாக அறியும்வரை நில்லுங்கள். அடுத்த முறை டீயில் நின்று அந்த வெறும் புல்லைப் பார்க்கும்போது, எந்தப் பக்கம் அடிப்பது என்று கேடியிடம் கேட்கத் தேவையிருக்காது.