முதலாம் தரமும் நம் சிறுகதைகளும்

முதலாம் தர அனுமதியை நம்மவர் கதையாக்கினால், நான் வாசித்த மட்டில், வாப்பாதான் நாயகன். வாக்காளர் இடாப்பு, வெள்ளவத்தையில் வாடகை வீடு, நேர்முகப் பரீட்சை என்று அங்கதம் நன்றாகவே ஓடும். பிள்ளை உம்மாவின் கையைப் பிடித்தபடி படலையில் நிற்கும். கதை அதைத் தாண்டிப் போய்விடும்.

சுயமொழிக் கல்வி வந்தபோது முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் மொழித்தெரிவு விடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, கொட்டாஞ்சேனையில் மூத்தும்மாவிடம் தமிழில் கதை கேட்ட ஐந்து வயதுப் பிள்ளை சிங்கள வகுப்பில் அமர்கிறது. பின்னேரம் ஓதப்போனால் அலிஃப், பே. வீட்டுப் பேச்சுக்கு மட்டும் எழுத்தில்லை. முன்பு அறபுத்தமிழ் இருந்தது. ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழையும் வாசித்தார்கள். இன்று அதுவும் வழக்கிலில்லை.

பெற்றோரைக் குறை சொல்ல வரவில்லை. தொழில், பாதுகாப்பு என்று அவர்களுக்கு நியாயங்கள் உண்டு. என் குறை எழுத்தாளர் மீது. 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதிய சித்திலெப்பை, 1892இல் ஸாஹிரா தோன்றவும் உழைத்தவர். அவருக்கு நாவலும் பள்ளிக்கூடமும் ஒரே வேலை. நமக்கோ பள்ளிக்கூடம் பகிடிக்குரிய இடம்.

முதல் வார அழுகையை எந்த வாத்தியாரும் அறிவார், அது அடங்கிவிடும். வகுப்பின் மொழி விளங்காத பிள்ளை அழாது, பேசாமல் யன்னலைப் பார்த்திருக்கும். இருபது வருடத்தில் இவ்விதழைப் பிரிக்க வேண்டிய வாசகர் அவர். அந்த யன்னலோரத்திலிருந்து தொடங்கும் ஒரு கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.